ஏழால் வகுத்தால் ஒன்று மிச்சம்

கார்த்திகை பிறந்து பனி இறங்கினால் எனக்கு இன்றும் ஒரு பழக்கடைதான் நினைவுக்கு வரும். அப்போது நான் மதுரையில், கீழ மாசி வீதியில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணம் ஆகாதவன். காலையில் ஜன்னலைத் திறந்தால் பல் தேய்க்கக்கூட மனம் வராமல் எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். தெருவில் பனி விலகாமல் கிடக்கும். போகிற வண்டி கண்ணுக்குத் தெரியாது, மாட்டின் மணிச் சத்தம் மட்டும் போகும். அந்த மங்கலுக்குள் கடைக்காரர் மண்டி போட்டு உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அவர் பெயரைச் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. தெருவுக்கே அவர் 'பழக்கடை பாய்'தான். எனக்குப் பத்து வயது மூத்தவராக இருப்பார். ஒல்லியான ஆள், நீண்ட கை, பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் தோளுக்கு மேலே எதையோ பார்க்கிற கண். துடைத்த பழங்களை முதலில் கோரைப்பாயில் பரப்புவார். வரிசைக்கு ஏழு. பதிமூன்று வரிசை ஆனதும் துணியை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். பிறகுதான் அடுக்கு. சதுரப் பலகையில் வைக்கோல் பரப்பி, அடியில் ஆறுக்கு ஆறு முப்பத்தாறு பழம். அதன்மேல் பள்ளம் பார்த்து இருபத்தைந்து. அப்புறம் பதினாறு, ஒன்பது, நாலு. கடைசிப் பழத்தை மட்டும் உடனே வைக்கமாட்டார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். வெயிலின் முதல் கீற்று விளக்குத்தூண் பக்கமிருந்து வந்து குவியலைத் தொடும்போது அதை உச்சியில் வைப்பார். அந்த நேரத்தில் கடைக்காரர் பழத்தை வைத்தாரா, பழமே போய் உட்கார்ந்துகொண்டதா என்று மாடியிலிருந்து எனக்குத் தெரியாது. அரைத் தூக்கத்தில் இருப்பேன்.

அந்தக் குவியலிலிருந்து அவர் ஒரு பழம் விற்றதில்லை. வியாபாரமெல்லாம் பக்கத்துக் கூடையில்தான். ஒருநாள் போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவரின் சம்சாரம் ஜட்காவை நிறுத்தி, உச்சிப் பழம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

"அது விலைக்கு இல்லம்மா."

"விக்கத்தானே வச்சிருக்க?"

"இது விக்கிறதுக்கு" என்று கூடையைக் காட்டினார். "அது இருக்கிறதுக்கு."

அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. பாய் கூடையிலிருந்து ஆறு பழம் எடுத்து, காசு வாங்காமல் மடியில் வைத்து அனுப்பினார். மூன்று நாளில் அடுக்கில் தளர்ந்த பழங்களை எடுத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, புதுப் பழம் சேர்த்து மறுபடி அதே தொண்ணூற்று ஒன்று. இதில் லாபம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவருடைய மனைவி பதில் வைத்திருந்தார். "எங்க வீட்டு ஆளுக்கு நான் ரெண்டாந்தாரம். மூத்தவ கடையில உக்காந்திருக்கா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கீழே இறங்கிப் போய், மெத்தப் படித்த திமிரில், "தொண்ணூற்று ஒன்று, சரிதானே பாய்?" என்றேன்.

"எண்ணுனீகளா?"

"எண்ண வேண்டியதில்லை. ஒன்று முதல் ஆறு வரைக்கும் உள்ள வர்க்கங்களைக் கூட்டினால் வந்துவிடும்."

அவர் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். ஊரில் தனக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பது அன்றுதான் தெரிந்ததுபோல முகம் மலர்ந்தது. "சாப்புட்டு வாங்க வாத்தியாரே. மதியம் ஆளு வராது. அதோட மத்த மூஞ்சியெல்லாம் காட்டுறேன்."

அந்த மதியத்தை நான் மறக்கமாட்டேன். பனிக்கால வெயில் தெருவில் தூங்கிக்கொண்டிருந்தது. பாய் குவியலைப் பிரித்தார். உச்சியில் ஒரு பழம், அதன் கீழ் இரண்டு, பிறகு மூன்று என்று தரையில் முக்கோணமாக வைத்துக்கொண்டு போனார். பதிமூன்றாவது வரிசையில் பதிமூன்று பழம் வைத்தபோது கை காலியாகிவிட்டது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. அதைக் கலைத்து நடுவில் ஒரு பழத்தை வைத்தார். சுற்றி ஆறு. அதைச் சுற்றிப் பன்னிரண்டு. பதினெட்டு, இருபத்துநாலு, முப்பது. ஆறு மூலையும் கச்சிதமாக அமைந்து மறுபடி கை காலி. பிறகு இரண்டு மரப்பெட்டிகளை இழுத்தார். ஒன்றில் மூன்றுக்கு மூன்று, மூன்று அடுக்கு. இன்னொன்றில் நாலுக்கு நாலு, நாலு அடுக்கு. இருபத்தேழும் அறுபத்துநாலும். அவ்வளவுதான், பழம் தீர்ந்தது.

இதெல்லாம் காகிதத்தில் எனக்குத் தெரிந்த கணக்குத்தான். ஆனால் ஒரே பழங்கள் கண்முன்னே உருமாறி உருமாறி நிற்பதைப் பார்த்தபோது எனக்குத் தலை கிறுகிறுத்தது. தொண்ணூற்று ஒன்று என்று ஒன்று நிஜமாகவே எங்கேயோ இருப்பதாகவும், அது இந்த ஆளைத் தேடி இந்தக் கடைக்கு வந்து போவதாகவும் தோன்றியது. கண்ணில் நீர் வந்தது. ஆரஞ்சுத் தோலின் எரிச்சல் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

"ஒரே ஆளுதான் வாத்தியாரே" என்றார் பாய். "பள்ளிவாசலுக்குப் போனா தொப்பி, கடையில முண்டாசு, வீட்டுல வெறுந்தலை. ஆளு மாறுதா? மாறல."

"ஆனால் ஒரு கெட்ட குணம் உண்டு" என்றேன் நான். "பார்த்தால் எதிலும் வகுபடாத எண் மாதிரி இருக்கும். பிள்ளைகள் பரீட்சையில் ஏமாந்துபோவார்கள். ஏழில் வகுபடும்."

"அது கெட்ட குணமில்ல. அடக்கம்" என்றார் அவர். "ஏழு பதிமூணுன்னு தெருவுல சொல்லிக்கிட்டுத் திரியணுமாக்கும்? ஏழு நாளு, பதிமூணு வாரம். மலையில இருந்து ஆரஞ்சு வாரதே அம்புட்டு நாளுதான். அதுக்கப்புறம் நானும் இந்தக் கடையும் சும்மா கெடப்போம்."

உண்மையில் அப்படித்தான். மாசி பிறந்தால் வாழைப்பழம், வெள்ளரிப்பிஞ்சு என்று கடை ஓடும். ஆனால் அவர் அங்கே இருக்கமாட்டார். உடம்பு இருக்கும். காசை வாங்கிப் போடும். பலகை சுவரில் சாய்ந்திருக்கும். மறுபடி கார்த்திகைப் பனி விழும்போதுதான் மனிதர் திரும்பி வருவார்.

இப்படி ஒரு தை மாதத்தில் என் கல்யாணம் வந்தது. பெண் மேலூர். அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எனக்கு அப்பா இல்லை. திருமங்கலத்தில் கரிசல் காடு வைத்திருந்த பெரியப்பாதான் வளர்த்தார், படிக்க வைத்தார், மணையில் எனக்குத் தகப்பனாக நிற்க வேண்டியவரும் அவர்தான். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெண் வீட்டார் விளக்குக்கு முன்னால் வைக்கிற பழச் சீர் எதிலும் சரிபங்காகப் பிரியக் கூடாது. பிரிந்தால் குடும்பம் பிரியும். ஊரெல்லாம் வைக்கிற இருபத்தொன்றும் ஐம்பத்தொன்றும் பெரியப்பாவிடம் செல்லாது. மூன்றில் பிரிகிறதே! நூற்று ஒன்று என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பிரியிற எண்ணுல வச்சா நான் பந்தலை விட்டு எறங்கிருவேன்" என்றும் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

மாமனார் என்னிடம் யோசனை கேட்டார். நான் பாயிடம் அனுப்பினேன். மறுநாள் பாய் என்னை வழிமறித்தார். முகம் வாடியிருந்தது.

"நூத்தி ஒண்ணு கேக்குறாக வாத்தியாரே."

"ஆமாம்."

"குவியல் முடிஞ்சு பத்து மிச்சம் நிக்குமே. அதை எங்க கொண்டுபோய் வைக்க?"

"பக்கத்தில் சின்னதாக இன்னொரு குவியல் போடுங்கள். ஆறு, மூன்று, ஒன்று. பத்துக்கும் உச்சி வருமே."

"ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு உச்சியா?" என்று கேட்டுவிட்டு, என் தோளுக்கு மேலே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாண மாப்பிள்ளைக்கு ஆயிரம் யோசனை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பாய் பலகையும் கூடைகளுமாக பஸ்ஸில் மேலூர் போய் இறங்கினார். அடுக்குவதை வேறு கை தொடக் கூடாது என்று தானே வந்துவிட்டார். வழியில் கூடை சாய்ந்து பத்துப் பழம் நசுங்கிப் போனதாகவும், பயப்பட வேண்டாம், தான் பார்த்துக்கொள்வதாகவும் மாமனாரிடம் சொல்லியிருக்கிறார். மேலூரில் அந்த நேரத்துக்கு ஆரஞ்சுக்கு எங்கே போவது? மாமனார் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

விடிந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் பெரியப்பாவோடு நான் பந்தலுக்குள் நுழைந்தபோது குத்துவிளக்குக்கு முன்னால் அந்தக் குவியல் நின்றது. விளக்கின் சுடர் ஒவ்வொரு பழத்திலும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. நாயனக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெரியப்பாவுக்கும் பிடித்துப்போனது. அதனாலேயே கேட்டார்.

"நூத்தி ஒண்ணும் இருக்குல்ல?"

மாமனார் கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். பாய்தான் பதில் சொன்னார். "தொண்ணூத்தொண்ணுங்க. வழியில பத்து போயிருச்சு."

விளக்குக்கு முன்னால் வைத்ததை மறுபடி எடுக்கவும் கூடாது. பெரியப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விரலை மடக்க ஆரம்பித்தார். அவர் வாய்ப்பாடு படித்தவரில்லை. ஏழு வரைக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறவர்.

"ரெண்டுல நாப்பத்தஞ்சு, ஒண்ணு மிச்சம். மூணுல முப்பது, ஒண்ணு மிச்சம். நாலுல இருபத்திரெண்டு... மூணு மிச்சம். அஞ்சுல பதினெட்டு, ஒண்ணு மிச்சம். ஆறுல பதினஞ்சு, அதுலயும் ஒண்ணு மிச்சம்." முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஏழுல?" விரல் நின்றது. கணக்கு ஓடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏழுல எம்புட்டுடா மிச்சம்? நீதான் கணக்குப் படிச்சவனாச்சே."

ஒரு வார்த்தையில் கல்யாணம் நின்றுவிடும். பாயைப் பார்த்தேன். என்னைக் காப்பாற்றுவது போலவோ கெஞ்சுவது போலவோ அவர் பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் உச்சிப் பழத்தைப் பார்த்துக்கொண்டு, விடியற்காலையில் கடையில் உட்கார்ந்திருப்பது போலவே சாந்தமாக நின்றார். பெரியப்பாவின் சோற்றைத் தின்று வளர்ந்தவன் நான். அதுவரை அவரிடம் ஒரு பொய் சொன்னதில்லை. பிள்ளைகளுக்குத் தப்பாக ஒரு கணக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"ஏழிலேயும் ஒன்று மிச்சம், பெரியப்பா" என்றேன்.

"அப்பச் சரி. ஊதச் சொல்லு" என்றார் பெரியப்பா.

தாலி கட்டினேன். மந்திரம் காதில் ஏறவில்லை. ஏழு பதிமூன்று தொண்ணூறு, ஏழு பதிமூன்று தொண்ணூறு என்று மனசு உளறிக்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போய் நேராகவே கேட்டேன். "பாய், பத்துப் பழமும் நசுங்கினதா?"

என்னிடம் அவர் மறைக்கவில்லை. "இல்ல. ஒத்தக்கடை தாண்டி பஸ்ஸு நின்னுச்சு. ரோட்டோரம் கல்லு ஒடைக்கிற பொம்பளைக பிள்ளைகளோட உக்காந்திருந்தாக. குடுத்துட்டேன்."

"என் கல்யாணம் நின்று போயிருக்குமே! சரி, குடுத்ததுதான் குடுத்தீர்கள், இன்னும் இரண்டைக் கொடுத்திருக்கலாமே? எண்பத்தொன்பது எதிலும் பிரியாது. எனக்கும் பொய் மிஞ்சியிருக்காது."

"ரெண்டை எடுத்தா உச்சி போயிருமே வாத்தியாரே" என்றார். நான் கேட்டது அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "அதான் நீங்க இருந்தீகளே?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஒரு பழக்குவியலின் அழகுக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைத்த மனிதரிடம் என்ன பேச்சு? அந்த ஆரஞ்சுக் காலம் முடிகிற வரைக்கும் நான் தெருவின் மறுபக்கமாக நடந்தேன். ஆனாலும் காலையில் ஜன்னல் திறக்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த கார்த்திகையில் நானே போய்க் காப்பிக்கு அவரை மாடிக்குக் கூப்பிட்டேன். வந்தார், குடித்தார், நடந்த எதையும் பேசவில்லை. போகும்போது என் மனைவியைப் பார்த்து, "நல்லா இருக்கீகளா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். அவள், "நல்லா இருக்கேண்ணே" என்று வழக்கத்துக்கு அதிகமாகச் சிரித்தாள். நான் அதைக் கவனித்தேன், காரணம் கேட்கவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பு மாட்டிவிட்டார்கள். மலையிலிருந்து பழம் வருவது குறைந்தது. முப்பது பழம் இருந்தால் நாலு அடுக்குக்குச் சின்னதாக ஒரு குவியல் போடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. பலகையை மட்டும் தினம் துடைத்து, வைக்கோல் பரப்பி வைப்பார். வெறும் பலகையை வெயில் வந்து தொட்டுவிட்டுப் போகும். அப்போதும் அவர் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. ஆனால் அவர் முகத்தில் வருத்தம் இருந்ததில்லை. எங்களுக்குத் தெரியாத எதுவோ அந்தப் பலகையில் நின்றுகொண்டிருந்தது போலும்.

யுத்தம் முடிகிற சமயத்தில் ஒரு தை மாதம் அவர் இறந்துபோனார். காய்ச்சல் என்றார்கள். காஜிமார் தெருவில் அவர் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். அவள் உள்ளே பெண்களோடு போய் உட்கார்ந்தாள். நான் வெளியே நின்றேன். கூடத்துச் சுவரில் அந்தப் பலகை சாய்ந்திருந்தது.

திரும்பி நடந்து வரும்போது அவள் அழுதுகொண்டே வந்தாள். நாலு வார்த்தைகூடப் பேசாத மனிதருக்காக இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியம். ஏதாவது பேச வேண்டுமே என்று, அத்தனை வருஷம் மூடி வைத்திருந்த பொய்யை அன்று அவளிடம் உடைத்தேன். "உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நம் கல்யாணத்தன்று வைத்த பழம் ஏழில் பிரியும்."

"தெரியும்" என்றாள்.

"எப்போதிலிருந்து?"

"அன்னைக்கே. விடியக்காலம் முற்றத்துல அவரு பழம் தொடைச்சதை உள்ரூம் ஜன்னல்ல இருந்து பார்த்துக்கிட்டிருந்தேன். வரிசைக்கு ஏழு போட்டாரு. ஒண்ணுகூட மிஞ்சல. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. அண்ணே, ஏழுல பிரியுதே, பெரியவரு கேட்டா என்ன சொல்லுவீகன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வீட்டுல பெரியவரு பேச்சுக்கு மறுபேச்சு கெடையாதுன்னு எல்லாரும் சொல்லியிருந்தாக. வாய் செத்த ஆளுக்கு வாக்கப்படப் போறோமோன்னு நான் ராவெல்லாம் அழுதிருந்தேன். என் கண்ணைப் பார்த்தே அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். 'என்னைய எதுக்குக் கேக்கப்போறாக தங்கச்சி? மாப்பிள்ளை கணக்கு வாத்தியாரு, அவரைத்தான் கேப்பாக. அவரு உங்க அப்பா பக்கம் நிக்கிறாரா, தன் பெரியப்பா பக்கம் நிக்கிறாரான்னு காதைக் குடுத்துக் கேளுங்க. கேட்டுட்டு அப்புறமா மணைக்கு வாங்க'ன்னாரு."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஜட்காக்காரன் சத்தம் போட்டான். அவள் என் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள்.

"ஏழுல எம்புட்டுன்னு கேட்டதும் நீங்க பேசாம நின்னீக. அந்தக் கொஞ்ச நேரம் நான் உசிரோட இல்ல. அப்புறம், ஒண்ணு மிச்சம்னீக."

"அது பொய்."

"பொய்தான்" என்றாள். "அதைக் கேட்டுட்டுத்தான் எந்திரிச்சு வந்தேன்."